மாயாபந்தருக்குப் போன கடைசிப் பக்கங்கள்

விடிவதற்கு முன்பே போர்ட் பிளேர் பஸ் நிலையத்தில் நின்றேன். ஊருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். கண்டக்டருக்கு அது இன்னும் வாயில் வரவில்லை, எனக்கும்தான். மாயாபந்தர் அங்கிருந்து வடக்கே சுமார் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். என் பையில் மாற்றுப் புடவை, தலைவலித் தைலம், பிறகு யார் கொலையாளி என்று சொல்லும் ஒரு பழைய நாவல்.

நான் திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் பங்களாக் கதை. அட்டையில் ஒரு பெண் தலைவிரிகோலமாக ஓடுவாள். பின்னால் மலைமேல் பங்களா, ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம். உள்ளே மனைவியை இழந்த, வாய் திறக்காத முதலாளி. வடக்கு அறை பூட்டியே இருக்கும். வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் அம்மாள் மாடிப்படியில் நின்று முறைப்பாள். வேலைக்கு வந்த ஏழைப் பெண் முதலாளியைச் சந்தேகித்துக்கொண்டே காதலிப்பாள். நாங்கள் ஒன்பது பேர் இரண்டு அறையில் படுத்து வளர்ந்தவர்கள். பேய் கிடக்கட்டும், ஒரே ஆளுக்கு முப்பது அறை என்பதைப் படித்தாலே எனக்குப் புல்லரித்துவிடும்.

போன மாதம் அப்படி ஒரு நாவலின் அட்டையை முகநூலில் போட்டேன். மறுநாளே மாயாபந்தரிலிருந்து ஜமீலா என்று ஒருவர் போனில் வந்தார்.

"டீச்சரக்கா, அந்தப் புக்குல கடைசிப் பக்கமெல்லாம் இருக்கா? முதலாளி கொன்னாரா இல்லையா?"

சொல்ல வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க! போட்டோவும் அனுப்பாதீங்க. எங்க மதினி நம்பாது. போன்ல வர்றதெல்லாம் ஜூட்டும்பாங்க, பொய்யாம். புக்க எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க. நல்ல மீனா ஆக்கிப்போடுறேன்."

ஓய்வூதியக்காரிக்கு இதற்குமேல் என்ன அழைப்பு வேண்டும்?

ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் துணையோடு மொத்தமாகக் காட்டுக்குள் அனுப்புகிறார்கள். ஜாரவா பழங்குடிகளின் காடு அது. நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. வானம் தெரியாத மரக்கூட்டமும் ஈரமுமாக, என் நாவல்களுக்கு ஏற்ற பாதைதான். டிரைவர் மட்டும் வழிநெடுக கல்யாணப் பாட்டாகப் போட்டு அதைக் கெடுத்தார். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸோடு படகில் ஏறிக் கடந்தபோது, பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். பரமக்குடிப் பக்கம், சாலை கான்ட்ராக்டர்.

"மெயின்லேண்டா? யார் வீட்டுக்கும்மா?"

"ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டு ஜமீலா."

"அய்யய்யோ! அந்த வீட்டுல நாத்தனாரும் அவுங்களும் ரம்ஜான்ல இருந்து பேச்சுவார்த்தை பந்த். ஏதோ பங்களா கேஸாம். மெயின்லேண்டுல பெரிய சொத்துபோல. நீங்க வக்கீலா?"

"இல்லைங்க, சாட்சி."

அவர் அதற்குப் பிறகு என்னிடம் மிகுந்த மரியாதையாக நடந்துகொண்டார்.

பிற்பகலில் மாயாபந்தர் வந்தது. வீடு மேட்டின் மேல்தான் இருந்தது, அதுவரை என் நாவல்களோடு ஒத்துப்போயிற்று. மற்றபடி பச்சைத் தகரக்கூரை, முற்றம் நிறையக் காயும் பாக்கு, கொடி நிறையத் துணி. வீட்டுக்காரர் கமாலுதீன் "வாங்க" என்றார். அன்றைக்கான அவருடைய பேச்சு அத்தோடு தீர்ந்தது போலிருந்தது. ஜமீலாவின் மதினி, அதாவது கமாலுதீனின் அக்கா நூர்ஜஹான், உயரமான அம்மாள். நடைப்படியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மீன் பொரித்துக்கொண்டே ஜமீலா சொன்னார். பத்தொன்பது வயதில், தொண்டியிலிருந்து வந்து சென்னையில் கப்பல் ஏறிய புதுப்பெண் அவர். மாப்பிள்ளையைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கல்யாணம். மூன்று நாள் கப்பலில் பெண்கள் பக்கம் இதே நாவல் ஒன்றுதான் இருந்தது. அந்தக் காலத்துக் கப்பல் வழக்கப்படி அதைப் பிளேடால் நாலாகக் கிழித்து, படுக்கைக்குப் படுக்கை கைமாற்றிப் படித்தார்கள். கடைசிக் கால்வாசி யார் கையில் இருந்ததோ அந்த அம்மாள் துறைமுகத்து நெரிசலில் அதோடு இறங்கிப் போய்விட்டார்.

"நெனச்சுப் பாருங்கக்கா. கதையில பொண்டாட்டி செத்த முதலாளி, பேசவே மாட்டாரு. இங்க வந்து எறங்குனா இவரும் பேசல! மொத பொண்டாட்டி மஞ்சக்காமாலைல மவுத்தானது ஊருக்கே தெரியும். எனக்கு யாரு சொன்னா? ஆறு மாசம் தூங்கல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மீதி மூன்று பகுதிகளையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார். ரம்ஜானில் அதை மதினிக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார். முதலாளி அப்பாவி என்பது ஜமீலா கட்சி. "வாயத் தொறக்காத ஆம்பள வயித்துல ஏதோ வச்சிருக்கான், என் தம்பியவே பாரேன்" என்று மதினி சொல்ல, பேச்சு முற்றி, ஒரே அடுப்பில் இரண்டு உலை வைக்கும் அளவுக்குப் போய்விட்டது.

"உண்மை தெரிஞ்சா போதும்க்கா, அவுங்க கால்ல விழுந்தாவது பேசிருவேன். அவுங்க இல்லாம வீடு வீடாவே இல்ல" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

என் பையில் இருந்த உண்மை என்னவென்றால், மனைவியைக் கொன்றது முதலாளி இல்லை, மாடிப்படியில் நின்று முறைக்கும் அம்மாள். வீட்டை ஆண்டுகொண்டிருந்தவளுக்குப் புதிதாக வந்த மனைவியைப் பொறுக்கவில்லை. இதை நாத்தனாரும் தம்பி மனைவியும் பேசாமல் இருக்கும் வீட்டில், நாத்தனாரை எதிரே உட்கார வைத்து நான் வாசிக்க வேண்டும்.

நவம்பர் மாதம் அந்தமானில் ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. மழை பிடித்தது, கரண்டும் போயிற்று. எமர்ஜென்சி விளக்கடியில் வாசிக்கத் தொடங்கினேன். கொலையாளியின் முகத்திரை விலகும் இடத்தில் மனதறிந்து பொய் சொன்னேன்.

"அங்கே நின்றிருந்தவன்... தோட்டக்காரன்!"

"எந்தத் தோட்டக்காரன்?" என்றார் நூர்ஜஹான். "இவ்வளவு நேரம் அவன் கிதர் கயா, எங்க போனான்? கதையில அந்த வீட்டுக்குத் தோட்டமே இல்லையே! குடுங்க டீச்சர் இங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே உரக்க வாசித்தார். நிறுத்தவே இல்லை. மாடிப்படி அம்மாள் பிடிபட்டு, ஒப்புக்கொண்டு, பாறையிலிருந்து விழுந்து செத்த பிறகுதான் நிமிர்ந்தார். நான் நாளைக் காலை முதல் பஸ் எப்போது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இருட்டு மூலையிலிருந்து கமாலுதீன் வாய் திறந்தார். "அப்ப முதலாளி கொல்லல. அதானே?" கேட்டுவிட்டு எழுந்து குடையோடு கடைக்குப் போய்விட்டார்.

"அவளும் பாவம்தான்" என்றார் நூர்ஜஹான். "அத்தன வருசம் ஒரு வீட்ட ஒத்தையா சுமந்தவ. நேத்து ஒருத்தி பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னா, எரியத்தானே செய்யும்?"

ஜமீலா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, ரம்ஜானுக்குப் பின் முதல்முறையாக, நேராகக் கேட்டார். "உங்களுக்கும் எரிஞ்சுச்சா மதினி?"

"பின்னே?"

"அப்ப என்னைய மட்டும் ஏன் விட்டுவச்சீங்க?"

"மூணு நாளு கப்பல்ல வாந்தி எடுத்துட்டு வந்து நின்ன. நிக்கக்கூடத் தெம்பில்ல, படியேறையில என் மேலதான் சாஞ்ச. அப்புறம் எங்கிட்டுப் போயி உன்னயக் கொல்றது?"

ஜமீலா சிரித்தார், அழுதார், இரண்டையும் சேர்த்தே செய்தார். அன்று இரவு வீட்டில் ஒரே உலைதான்.

மறுநாள் காலை இருவரும் பஸ் நிலையம் வரை வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரும் எண்ணமும் யாருக்கும் இல்லை. பஸ் காட்டுக்குள் நுழைந்தபோது யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருடமாக இத்தனை நாவல் படித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பெட்டியோடு வந்து இறங்கும் அந்த ஏழைப் பெண் நான்தான் என்று எண்ணித்தான் படித்தேன். திருச்சியில், கல்யாணமே வேண்டாமென்று தம்பி வீட்டிலேயே தங்கிவிட்ட நாத்தனார் நான்.