பெண்கள் பக்கத்து வரிகள்

டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பழைய விருந்தினர் விடுதி ஒன்றை அகதிகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். எண்பத்தாறாம் ஆண்டு நான் அங்கே இருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் கூடாது. நாள் முழுவதும் என்னிடம் இருந்தது பாதிப் பாட்டு ஒன்றுதான். அதை முணுமுணுத்துக்கொண்டே உருளைக்கிழங்கு உரிப்பேன்.

பாதிப் பாட்டு என்பதை விளக்க வேண்டும். ஊரில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் நாங்கள் சிலர்தான். தகரக் கூரை போட்ட டியூட்டரியில், அதாவது தனியார் வகுப்பில், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பாடத்தில் முந்நூறு வருடப் பழைய ஆங்கிலக் கவிஞர் ஒருவர் இருந்தார். நகரத்துக் கனவான்களை இரண்டிரண்டு வரியாகக் கிண்டல் செய்வதே அவருடைய தொழில். புத்தகம் ஆசிரியரிடம் மட்டும் இருந்தது. எங்களைச் சோம்பல் இல்லாமல் வைத்திருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வோர் இரட்டை வரியிலும் முதல் வரியை ஆண்களுக்கும் இரண்டாவது வரியைப் பெண்களுக்கும் எழுதக் கொடுப்பார். வகுப்பில் நாங்கள் முதல் வரியைச் சொன்னால் அந்தப் பக்கம் எதுகையோடு பதில் வரவேண்டும். ஒருவருக்கும் முழுப் பாட்டும் கிடையாது.

நான் சொல்லும் வரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள், வாங்குப் பலகையின் கடைசியில் சுவரோரமாக இருப்பவள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஆணும் பெண்ணும் வீதியில் நின்று கதைக்க முடியாது. அவளோடு நான் கதைத்ததெல்லாம் அந்தக் கவிஞரின் வாயால்தான். நான் ஒரு பட்டுச் சட்டைக்காரனை வீதியில் இறக்கிவிடுவேன், அவள் அவனைச் சேற்றில் விழுத்துவாள்.

ஒரே ஒருமுறை மட்டும் கவிஞர் இல்லாமல் முயன்றேன். ஏதோ சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துச் சைக்கிளில் அவள் வீட்டுப் படலைவரை போனேன். அவளே வந்து படலையைத் திறந்தாள்.

“மணி என்ன?” என்று கேட்டேன்.

அவள் என் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வந்து நேரத்தைச் சொன்னாள். நன்றி சொல்லித் திரும்பினேன்.

அதற்குப் பிறகு வந்த வகுப்பில், வெளியே இராணுவ வண்டிகளின் சத்தம் கேட்டு ஆசிரியர் என்னவென்று பார்க்க ஒழுங்கைக்கு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் பாட்டைத் தொடர்ந்தோம். நான் என் வரியைச் சொன்னேன். அவள் பதில் வரியைச் சொன்னாள். தெருவெல்லாம் நடந்து வந்து, வாசலில் நின்று மணியைக் கேட்டுப் போகிறவன் ஒருவனைப் பற்றிய வரி. பெண்கள் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எனக்கு உடம்பு கூசியது. முந்நூறு வருடத்துக்கு முன்னே இருந்த வெள்ளைக்காரன் என்னை எப்படிப் பார்த்தான் என்று வியந்தேன். அடுத்தது என் வரி. நாக்கு எழவில்லை. ஆசிரியர் ஓடிவந்து எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார். டியூட்டரி பிறகு திறக்கவே இல்லை. சில மாதங்களில் நான் கொழும்புக்கும் அங்கிருந்து விமானத்துக்கும் போய்விட்டேன். அவள் வீட்டாரும் இடம்பெயர்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஜெர்மனியில் எனக்கு முதல் வரிகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தன. அவள் பக்கத்து வரிகளில் மணி கேட்டவனின் வரி மட்டும்தான் முழுதாக மிஞ்சியது. அந்தப் புத்தகம் கிடைத்தால் மற்ற வரிகளையும் அவள் குரலில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வேறு எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை.

கிராமத்துப் பாஸ்டரிடம் அறை நிறையப் புத்தகங்கள் இருந்தன. அப்போது என் ஜெர்மன், கடையில் பால் வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. ஒரு துண்டில் கவிஞரின் பெயரை எழுதி நீட்டி, “பழைய ஆங்கிலேயர். எழுதியவர்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த புதன்கிழமை தடித்த நூல் ஒன்றில் அடையாளம் வைத்து என் கையில் தந்தார். அதில் ஒரு பிஷப் இருந்தார். அதே பெயர்தான். நிறையப் பிரசங்கங்கள் எழுதியவராம்.

ஆசையாகத் தேடித் தந்த ஒருவரிடம் இது வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் யாரும் பழக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அகராதியை வைத்து அந்தப் பிஷப்பை முழுவதும் படித்தேன். அதற்கடுத்த புதனும் ஒருவர் வந்தார். அவர் பேராயர், பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

என் அறையில் இருந்த அண்ணைக்கு நாற்பது வயதிருக்கும். ஊரில் லொறி ஓட்டியவர். கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

“இந்தமுறை ஆரடா தம்பி?”

“பேராயர் அண்ணை.”

“பகிடிக்காரனைத் தேடிப் போறாய், ஆயரைக் கூட்டிக்கொண்டு வாறாய். உன்ரை கொப்பர் அறிஞ்சால் தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணியிலை உன்னைத் தாட்டுப்போடுவார்.”

“அவருக்கு எப்பிடிச் சொல்லுறது? பாவம், ஆசையாத் தாறார்.”

“சொல்லாட்டில் வாற புதன் பாப்பரசரைத் தருவார். பிறகு உனக்கு ஞானஸ்நானம்தான். கேக்கிலை எனக்கும் ஒரு துண்டு கொண்டு வா.”

பாப்பரசர் வரவில்லை. மூன்றாவதாக ஒரு மடத்துத் தலைவர் வந்தார். அவருக்கும் அதே பெயர். பாஸ்டர் படத்தில் விரலை வைத்து, “இவரா?” என்று கேட்டார். அவர் கண்ணில் இருந்த களைப்பைப் பார்த்தேன்.

“இவரில்லை” என்றேன். “முதல் இரண்டு பேரும் இல்லை. மன்னியுங்கள். அவர் கவிஞர். ஆட்களைக் கிண்டல் செய்பவர்.”

பாஸ்டர் என்னையும் அந்த மடத்துத் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் சந்தியில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்கள் இருப்பதைப்போல ஆங்கிலேயரிடமும் உண்டு என்பதைக் கையாலும் வாயாலும் விளக்கினேன். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார்.

புத்தகம் வரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணை சொல்வார். வந்த நாளில் பழுப்பு அட்டையோடு அதை மேசையில் வைத்துவிட்டு முதலில் கையைக் கழுவினேன். பிறகு திறந்தேன். என் வரிகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் அவளுடைய வரி இருந்தது. ஒவ்வொன்றாக அவள் குரல் வந்தது, ஆங்கில ‘ஆர்’ என்ற ஒலியை அவள் அழுத்துகிற விதம்கூட வந்தது. சுவரோர வெளிச்சமும் வந்தது.

அந்த வரி மட்டும் வரவில்லை.

அன்று நான் சொன்ன முதல் வரி அச்சில் இருந்தது. அதன்கீழே வேறேதோ இருந்தது, ஒரு கனவானின் நாயைப் பற்றி. பக்கங்களைப் புரட்டினேன். திரும்பப் புரட்டினேன். வாசலும் இல்லை, மணி கேட்டவனும் இல்லை. ஆண்கள் எங்களிடம் இரண்டாவது வரிகள் இல்லை. பெண்களுக்குத்தான் தெரியும், அதனால்தான் அவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். வகுப்பில் ஆங்கிலத்தில் எதுகையோடு ஒன்று சொல்லப்பட்டால் அது புத்தகத்தில் இருக்கும் என்பதை நான் கோயில் கும்பிடுவதுபோல நம்பியிருந்தேன். அந்தப் பக்கத்தில் இருப்பவள் தானே எழுதியிருப்பாள் என்று தோன்றவே இல்லை.

அண்ணையிடம் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“அப்ப அது உன்னைப் பாத்துக் கட்டினது.”

“ஓம் அண்ணை.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

“அட மடையா! படலைக்குப் போய் மணி கேட்டனீ. அவள் பாட்டே கட்டிக் கேட்டிருக்கிறாள், வாயைத் திறக்க ஏலாமல் போச்சோ?”

வழக்கம்போலச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாஸ்டர் வாசலிலேயே கேட்டார். “இவர்தானே?”

“இவர்தான்” என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மற்றதை மறைக்க முடியவில்லை. “ஆனால் நான் தேடியதில் ஒரு வரி இவருடையது இல்லை.”

“அப்படியானால் அதே பெயரில் இன்னொருவர் இருக்க வேண்டும்” என்று அவர் அலமாரியின் பக்கம் திரும்பினார். இல்லை, அவளுக்கு வேறு பெயர் என்று சொல்ல என்னிடம் போதிய ஜெர்மன் இருந்தது. அவர் தேடிக்கொண்டிருந்தார், நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு பாஸ்டரின் கோயில் சுவரோரமாக நடந்து விடுதிக்கு வந்தேன். வழியெல்லாம் அவளுடைய வரியைச் சொல்லி, அதன்பின் ஆண்கள் பக்கத்தில் என்ன வரவேண்டும் என்று ஆங்கிலத்தில் கட்டிப் பார்த்தேன். முதல் நாலு சொல் வந்தது. ஐந்தாவதில் விடுதி வந்துவிட்டது. திரும்பிக் கோயில்வரை நடந்தேன்.