கடைமடையில் கடுக்காய் மரம்

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் கையெழுத்து போட்ட அறிக்கையைக் காட்டித்தான் எங்கள் பகுதியில் ஓர் எரிவாயுக் கிணற்றுக்கு அனுமதி வாங்கினார்கள். அந்த ஊருக்கு வெளியே இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. கேட்ட இரண்டு மூன்று பேரும், நீங்கள் செடிகளைத்தானே எண்ணினீர்கள், உங்கள் மேல் என்ன தப்பு என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கிணறு தோண்டுவதற்கு முன்னால் அந்த இடத்தின் மண், தண்ணீர், மரஞ்செடி, மக்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையைக் கிணறு தோண்டப்போகிற நிறுவனமே ஆள் வைத்து எழுதிக்கொள்ளலாம். எனக்கு அப்போது இந்த விவரம் தெரியாது. சென்னையிலிருந்து ஓர் ஆலோசனை நிறுவனத்துக்காரர்கள் கல்லூரிக்கு வந்து, செடிகொடிகளைக் கணக்கெடுக்க உள்ளூர் ஆள் வேண்டும் என்றார்கள். கல்லூரி விடுமுறை. படித்த படிப்புக்கு ஒரு நிஜமான வேலை கிடைத்தது என்று சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

அவர்களுடைய கள அதிகாரி நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர். வெயிலில் நிற்கிற எனக்குத் தானே குடை பிடிப்பார். நான் வரப்பில் கயிறு கட்டிச் சதுரம் போட்டு, அதற்குள் இருக்கும் செடிகளை எண்ணுவேன். அவர் படம் எடுப்பார். மே மாதம். உளுந்து எடுத்து முடித்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வரப்பில் அறுகும் கோரையும் பொடுதலையும், மேட்டில் நுணாவும் நாலைந்து பனையும், அவ்வளவுதான்.

கிணறு வரப்போகிற இடத்தை ஒட்டிக் குத்தகைக்கு நிலம் வைத்திருந்த ஒரு பெண், மூன்றாம் நாள் எங்களைத் தேடி வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. நிலத்துக்காரர் குடும்பம் எப்போதோ சென்னைக்குப் போய்விட்டது. சாகுபடி முழுக்க இந்த அக்காவின் பொறுப்பு. மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"இப்ப வந்து பார்த்தா என்னங்க இருக்கும்? ஐப்பசில வாங்க டீச்சர். வரப்பு எது, வயல் எதுன்னே தெரியாது. அப்ப எண்ணுங்க," என்றார்.

சரியான பேச்சு. சம்பா நட்ட பிறகு அந்த இடமே வேறாக இருக்கும். நீரில் முளைப்பவை, மீன், நத்தை, கொக்கு, நாரை என்று மே மாதத்தில் கண்ணில் படாத ஓர் உலகம் அங்கே உண்டு. அன்று மாலையே கள அதிகாரியிடம், மழைக்காலத்தில் இன்னொரு முறை வர வேண்டும் என்றேன். ஒரு பருவம் போதும், விதியே அப்படித்தான் என்றார். ஆனாலும் என் குறிப்பில் அதை எழுதினேன். அந்த வாய்க்கால் ஆனியில் தண்ணீர் வந்தால் கடைமடை வயல்களுக்குப் பாய்கிற வாய்க்கால் என்பதையும், இந்த நிலம் தரிசு அல்ல, அறுவடைக்குப் பிறகு காய்கிற நஞ்சை என்பதையும் எழுதினேன். பதினோரு பக்கம் வந்தது.

பக்கங்களைக் கொடுத்த அன்றே ஒரு தனித்தாளில் கையெழுத்து கேட்டார். அறிக்கையின் தாவரப் பகுதி என் மேற்பார்வையில் தயாரானது என்று அதில் இருந்தது. அறிக்கை இன்னும் தயாராகவில்லையே என்றேன். தயாரானதும் இதைச் சேர்த்துவிடுவோம், இதற்காக உங்களை மறுபடி அலைய விட வேண்டாமே என்றார். போட்டுவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அவர் நீட்டிய பேனாவை வாங்கி நானாகவே போட்டேன்.

பிறகு ஆறேழு மாதம் எதுவும் இல்லை. ஒருநாள் அந்த அக்கா கல்லூரி வாசலில் வந்து நின்றார். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறதாம். அறிக்கையை அரசு அலுவலகத்தில் வைத்திருக்கிறார்களாம். போனால் தமிழில் சில பக்கச் சுருக்கத்தை மட்டும் கொடுத்தார்களாம். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, நீங்கள் வந்து படித்துச் சொல்ல வேண்டும் என்றார். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரோடு போனேன்.

அறிக்கை தலையணை கனத்துக்கு இருந்தது. எடுத்துப்போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, உட்கார்ந்து படிக்கலாம் என்றார்கள். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாவரப் பட்டியலைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே வேங்கை. அதற்குக் கீழே கடுக்காய், சந்தனம். மலையில் வளர்கிற மரங்கள். எந்த மலை மாவட்டத்துக்காகவோ எழுதிய அறிக்கையின் பட்டியலை அப்படியே தூக்கி இதில் வைத்திருந்தார்கள். பனை இல்லை. கோரை இல்லை. நிலப் பயன்பாடு என்ற இடத்தில் 'தரிசு' என்று இருந்தது. அதற்கு ஆதாரமாக, வெடித்துக் கிடந்த வயலின் படம். அந்தப் படத்தின் ஓரத்தில் என் சேலைத் தலைப்பு தெரிந்தது. வாய்க்காலை 'பயன்பாட்டில் இல்லாத வடிகால்' ஆக்கியிருந்தார்கள். ஐப்பசி பற்றி ஒரு வரி கூட இல்லை. கடைசியில் என் கையெழுத்து இருந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தையும் காட்டினேன். அவர் அதன்மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நீங்க போட்டதுதானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். அறிக்கையை மூடி வைத்துவிட்டு, எனக்கு முன்னால் பேருந்து நிலையத்துக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கள அதிகாரிக்குப் போன் செய்தேன். கத்துவதாகத்தான் இருந்தேன். அவர் எப்போதும்போல மரியாதையாகப் பேசினார்.

"பழைய ஃபைல்ல மாத்தி எழுதறப்ப அந்த லிஸ்ட் அப்படியே நின்னுடுச்சு மேடம். கவலைப்படாதீங்க. அவ்வளவு பக்கத்தை யாரும் உட்கார்ந்து படிக்கப்போறதில்ல."

நான் படித்துவிட்டேன் என்றேன். அப்படியானால் கூட்டத்தில் சொல்லுங்கள், பதிவு செய்துகொள்வார்கள் என்றார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் போலீஸ். முன்வரிசைகளில், வேனில் அழைத்து வந்திருந்த ஆட்கள். ஊர்க்காரர்கள் பின்னால் இருந்தார்கள். பேசுவதற்குத் தங்களுக்குள்ளேயே பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். என்ன பேசுவது என்று நோட்டில் எழுதிப் பழகியும் வந்திருந்தார்கள். முதல் பெயர் அக்காவுடையது. அவர் தன் இடத்தை எனக்குக் கொடுத்தார். எழுதினவரே எழுந்து இது பொய் என்று சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஊரில் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

பேசினேன். இந்த அறிக்கையில் கையெழுத்து போட்டவள் நான்தான், இதில் உள்ளது நான் எழுதியது அல்ல என்று ஆரம்பித்துப் பட்டியலை, தரிசை, வடிகாலை ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் கைப்பிரதியின் நகலை மேடையில் வைத்தேன். பின்னாலிருந்து கைதட்டல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கைதட்டல் எனக்கு இதமாக இருந்தது.

தலைமை தாங்கிய அதிகாரி, மேடம் தொழில்நுட்பமான விஷயங்களை எழுப்பியிருக்கிறார், நிறுவனத்தின் நிபுணர்கள் பதில் சொல்லட்டும் என்றார். நிபுணர்கள் திரை போட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். வரைபடம், சுற்றிலும் மரம் நடுகிற பசுமை வளையம், வேறு எங்கோ ஓர் ஊரில் தோண்டிய கிணற்றைச் சுற்றி நெல் விளைகிற படம். மதியம் தாண்டியும் அது முடியவில்லை. முடிந்தபோது அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். விரிவாக விவாதித்துவிட்டோம், மற்றவர்கள் எழுத்து மூலமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். பின்னால் பன்னிரண்டு பேரும் நோட்டோடு எழுந்து நின்றார்கள். சிலர் சத்தம் போட்டார்கள். போலீஸ் நடுவே வந்து நின்றது. மைக்கை அணைத்துவிட்டார்கள்.

கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு பிறகு கைக்கு வந்தது. என்னைப் பற்றி இரண்டு வரி. 'ஒரு பெண்மணி தாவரங்கள் குறித்துப் பேசினார். பசுமை வளையம் அமைக்கப்படும் என்று பதிலளிக்கப்பட்டது.'

அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. நிபந்தனைகள் நிறைய. அதில் ஒன்று, திட்டப் பகுதியில் உள்ள வேங்கை, கடுக்காய் மரங்களுக்குச் சேதம் வராமல் நிறுவனம் பாதுகாக்க வேண்டும் என்பது. படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு, இதை எழுதியவரும் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து கடமையைச் செய்திருக்கிறார் என்று தோன்றியது. சிரிப்பு நின்றுவிட்டது. நான் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

நிலத்துக்காரர் சென்னையிலிருந்தபடியே அக்காவின் குத்தகை நிலத்தை நிறுவனத்துக்கு விட்டுவிட்டார். கிணற்று மேடைக்காக மண் கொட்டினார்கள். வாய்க்காலை ஒரு சிமென்ட் குழாய்க்குள் அடக்கினார்கள். அடுத்த சம்பாவில் மழை பிடித்ததும் குழாய் அடைத்துக்கொண்டு, மேல்புறத்து வயல்களில் நட்ட பயிர் ஒரு வாரம் தண்ணீரில் நின்று அழுகியது. கீழ்ப்புறத்துக்குத் தண்ணீர் போகவில்லை. ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். நேரில் பார்க்க வந்த அதிகாரி கையில் வைத்திருந்த தாளில் அது பயன்பாட்டில் இல்லாத வடிகால்தான்.

சில வருடம் கழித்துத் தஞ்சாவூரில் ஓர் ஓட்டல் அரங்கில், இத்தகைய திட்டங்களை ஆராயும் முறையைச் செம்மைப்படுத்த ஆலோசனைக் கூட்டம் என்று அழைப்பு வந்தது. என் கடிதங்கள் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று நினைத்துப் போனேன். நாலு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். அறிக்கை எழுதுகிறவரை நிறுவனம் நியமிக்கக் கூடாது, அரசு நியமிக்க வேண்டும். டெல்டாவில் ஒரு பருவம் போதாது. முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். கையெழுத்து போட்டவருக்குக் கடைசி வடிவத்தைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். பேச விரும்புகிற கடைசி ஆள் பேசும்வரை கூட்டத்தை முடிக்கக் கூடாது.

மேடையில் அந்தக் கள அதிகாரி இருந்தார். இப்போது பெரிய பதவி. அறிக்கைகளின் தரம் என்ற தலைப்பில் பேசினார், நன்றாகவே பேசினார். இடைவேளையில் என்னைத் தேடி வந்து, காபி எடுத்துக்கொண்டேனா என்று விசாரித்தார். என் நாலு பக்கத்தை ஒரு பெண் வாங்கி ஒரு கோப்பில் வைத்தார். பிறகு எப்படிச் செம்மைப்படுத்தினார்கள் என்பதைச் செய்தித்தாளில் படித்தேன். விண்ணப்பம் எல்லாம் இனி இணையத்தில், அனுமதிக்கு ஆகும் நாட்கள் குறையும் என்று போட்டிருந்தது.

அக்காவைப் போன பங்குனியில் மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இப்போது நிலம் இல்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறார். என்னை ஒதுக்கவில்லை. பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். என் வேலை, அம்மாவின் உடம்பு எல்லாம் கேட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன்.

அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"கையெழுத்த விடுங்க டீச்சர், ஏமாத்தி வாங்கிட்டாங்க. அன்னைக்கு மண்டபத்துல நாங்க பேசியிருக்கணும். பன்னெண்டு பேரும் தயாராத்தான் வந்தோம். படிச்சவங்க பேசினா போதும்னு உங்க கையில குடுத்துட்டு உட்கார்ந்துட்டோம். நீங்க வேங்கை மரம், கடுக்காய் மரம்னு பேசினீங்க. எங்க நெல்லப் பத்தி யாருமே பேசலை."

கும்பகோணம் பேருந்து வந்தது. ஏறி, ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததும் தலையசைத்தார். நான் கல்லூரிக்குப் போய் இரண்டு வகுப்பு எடுத்தேன்.