ஸ்பீக்கருக்குள்ளால் வந்த அம்மா

என் கணவரிடம் ஒரு பெரிய டூரிங் மோட்டார்சைக்கிள் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் கார் பார்க்கில் பாதி இடத்தை அதுதான் பிடித்திருக்கும். அதன் முன்கவசத்தில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் மழையிலும் கடற்காற்றிலும் கிழிந்துபோயின. எந்தப் பாட்டைப் போட்டாலும் தொண்டை கட்டியவர் பாடுவதுபோலவே கேட்கும்.

புதிதாக வாங்கிய ஸ்பீக்கர்கள் பெரியவை. பழைய துளையில் பொருந்தவில்லை. இடையில் வைத்துப் பூட்டுவதற்கு அடப்டர் வளையம் வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். கனடாவிலிருந்து வந்த என் தம்பி இரண்டு வளையங்களைச் சூட்கேசுக்குள் சட்டைகளில் சுற்றிக் கொண்டுவந்தான். வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். அதைக் கண்டதும் என் கணவரின் முகத்தில் வந்த ஒளி, எங்கள் கல்யாணப் பதிவில் மோதிரம் போட்டபோதுகூட வரவில்லை.

போயா எனும் பௌர்ணமி விடுமுறையன்று பின்னேரம் நானும் அவரும் கீழே இறங்கினோம். இடப்பக்க வளையம் என்ன செய்தும் பொருந்தி இருக்கவில்லை. திருப்பினோம், கவிழ்த்தோம், தட்டினோம். கடைசியில் பின்புறத்தில் கடுகளவு எழுத்துகளைக் கண்டேன்.

“இஞ்சேருங்கோ, இது வலப்பக்கத்து வளையம்!”

“நான் அப்பவே யோசிச்சனான்,” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மாற்றி வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது. இடப்பக்க ஸ்பீக்கரை ஸ்குரூ போட்டு முடுக்கி, என் போனை வண்டியுடன் இணைத்துப் பாட்டுப் போட்டோம். கார் பார்க்கின் தூண்களே பாடுவதுபோல இருந்தது. அவர் ஸ்குரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினார். சத்தம் கேட்டு, புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கும், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் இரண்டாம் மாடி முஸ்லிம் அண்ணரும் இறங்கி வந்தார்.

வலப்பக்கத்தில் ஒரு நட்டைக் கவசத்துக்குள்ளே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய கை போகவில்லை. என் கை போனது. திரும்பி வரத்தான் மறுத்துவிட்டது. காப்பு எங்கேயோ கொளுவிக்கொண்டது.

“இழுக்க வாணாம் தங்கச்சி, சவர்க்காரம் கொண்டு வாறன்,” என்று நானா படியேறப் போனார்.

அந்த நேரம் பார்த்து என் போன் மணி ஸ்பீக்கர் வழியாக அலறியது. நிறுத்துகிறேன் என்று என் கணவர் கைப்பிடியில் ஒரு பொத்தானை அமத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து என் அம்மாவின் குரல் கார் பார்க் முழுவதும் முழங்கியது.

“பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லாதை. நான் ஸ்கூட்டி பழகுறன்! இண்டைக்குச் சந்தை வரைக்கும் தனிய ஓடிப்போட்டு வந்தனான். மருமோனுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, சிரிப்பார்.”

அறுபத்தைந்து வயதுக்கு மேல், சைக்கிள்கூட ஓடத் தெரியாத என் அம்மா! படியில் நானா அப்படியே நின்றுவிட்டார். முதலாம் மாடி ஜன்னல் ஒன்று திறந்தது.

என் கணவர் வண்டியின் மைக்கிடம் பவ்வியமாகக் குனிந்தார். “மாமி, நான்தான் கதைக்கிறன். நான் சிரிக்கேல்லை.”

“நீங்களோ? பிள்ளை எங்க?”

“அவவின்ர கை மோட்டச்சைக்கிளுக்குள்ள மாட்டிக்கிடக்கு. நீங்கள் புது ஸ்பீக்கருக்குள்ளால கதைக்கிறியள்.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “சத்தம் எப்பிடி, வடிவா இருக்கோ?”

“மாஷா அல்லாஹ், நல்ல கிளியர்!” என்று படியிலிருந்து நானா கத்தினார்.

நான் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கக்கூட ஒரு கைதான் இருந்தது. சிரித்த குலுக்கலில் காப்பின் கொளுவல் விடுபட்டு கை வெளியே வந்துவிட்டது. என் கணவர் அதற்குள் மாமியாரிடம் பிரேக் பிடிக்கும் முறையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியிருந்தார்.

காப்பைக் கழற்றி வைத்துவிட்டு நட்டைப் பிடித்தேன், அவர் முடுக்கினார். பொழுது சாயும் முன்பே இரண்டு பக்கமும் பாடின. பின்னால் ஏறி இருந்தேன். காலி வீதி நெரிசலில் சிக்னலுக்கு நின்றபோது பக்கத்து ஓட்டோக்காரர் தலையை நீட்டி, “அய்யே, நியமய்!” அண்ணே, அருமை என்று சிங்களத்தில் சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினார். என் கணவர் ஹெல்மெட்டுக்குள் சிரிப்பது அவருடைய தோளிலேயே தெரிந்தது. தெகிவளைப் பாலத்தோடு திரும்புவதாகத்தான் பேச்சு. பாலம் வந்தது, பாட்டு முடியவில்லை. “போவமோ?” என்றார். “போங்கோ!” என்று கத்தினேன். அதற்கும் வெகுதூரம் தாண்டி மொறட்டுவை வரைக்கும் போனோம்.