மாலை போட்ட முந்திரிப் பெட்டி

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணி. புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நாகராசு முதன்முதலாக வனிதாவைச் சந்தித்தான். உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் அவளை வெறுக்கவும் தொடங்கிவிட்டான்.

வனிதா கறம்பக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சிவகாசி அச்சகம் ஒன்றில் நெடுங்காலம் அட்டைப்பெட்டிகளை வடிவமைத்தாள். முதலாளியோடு மல்லுக்கட்டி வெளியேறி, இங்கே தனியாகத் தொழில் தொடங்கினாள். வாயில் இனிப்பு வைத்துப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. கொண்டுவந்த மாதிரியைக் கையில் வாங்கவும் மாட்டாள். "அந்த ஷெல்ஃபுல வைங்க" என்பாள். பிஸ்கட், அப்பளம், ஊறுகாய்ப் பொட்டலங்களுக்கு நடுவே அதை வைத்ததும், வாசற்படிவரை நடந்துபோய்த் திரும்பி நின்று பார்ப்பாள்.

நாகராசுவின் பெட்டியையும் அப்படித்தான் பார்த்தாள்.

ஆதனக்கோட்டையில் சாலையோரம் முந்திரி வறுத்து விற்ற ரத்தினவேலின் மகன் அவன். தந்தை இறந்தபின், கல்யாணச் சீர்த்தட்டுகளில் வைக்கும்படியான பெட்டியில் பருப்பை விற்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. ஆவணி முகூர்த்தங்களை நம்பிக் கொள்முதல் முழுவதையும் வறுக்க ஏற்பாடு செய்துவிட்டான். ஆவணி தவறினால் வறுத்த பருப்பில் சிக்கு வாடை ஏறும். அதன்பின் ஆடுமாட்டுக்குத்தான் ஆகும். பெட்டியை அவனே யோசித்து ஒருவரிடம் வரைந்து வாங்கி, அச்சுக்கு ஒழுங்குசெய்ய அவளிடம் கொண்டுவந்திருந்தான். கருநீலப் பின்னணி, நடுவில் வீட்டுச் சுவரில் தொங்கும் தந்தையின் படம், மாலையோடு, இருபுறமும் குத்துவிளக்கு, கீழே '1951 – 2020'.

வாசற்படியில் நின்றபடி வனிதா கேட்டாள்: "எடுப்பு எப்பங்கண்ணே?"

"என்னது?"

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு நெனச்சேன். பஸ் ஸ்டாண்டு செவுத்துல இதத்தானே ஒட்டுறாங்க? இத எவன் சீர்த்தட்டுல தூக்கிட்டுப் போவான்?"

நாகராசு எழுந்துவிட்டான். கூட வந்திருந்த மனைவி பரிமளா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கப்பா மொகத்தப் பாத்துத்தாம்மா இந்தச் சனம் பருப்பு வாங்குச்சு!"

"உசுரோட இருந்த மொகத்தப் பாத்து வாங்குச்சு. இங்கிட்டு வந்து பாருங்க, நீங்களே கும்புடுவீங்க."

"ஆவணி முடியட்டும். ஒரு பெட்டி திரும்பி வந்தாலும், இந்தத் தெருவுல நின்னு, 'வனிதா சொன்னதுதான் சரி'ன்னு ஊரு கேக்கக் கத்துறேன். இது எங்கப்பா மேல சத்தியம்!"

"கேட்டுக்கிட்டேன். படி வழுக்கும், பாத்து எறங்குங்க" என்றாள் அவள்.

பெட்டி வேறிடத்தில் அச்சாயிற்று. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று விராலிமலை இனிப்புக்கடைக்காரர் ஆத்மநாதன் தொலைபேசியில் சீறினார்.

"ஏய்யா நாகராசு, என் கடையில சாமான் வாங்குன தாய்மாமனை மண்டப வாசல்லயே மறிச்சுட்டாக. பொண்ணோட அத்தை 'எந்த வீட்டு எழவய்யா இது'ன்னு கத்திருச்சு. பருப்பத் தட்டுல கொட்டிக்கிட்டு, பெட்டிய ரோட்டுல வீசிட்டாக. ஒன் சரக்கெல்லாம் வண்டியில ஏத்திட்டேன். வந்து எறக்கிக்க."

அந்த வாரத்திற்குள் மற்றக் கடைகளும் அவ்வாறே செய்தன. வீட்டின் முன்னறை முழுக்க ரத்தினவேல் மாலையோடு அடுக்கடுக்காக வீற்றிருந்தார். பரிமளா விளக்கேற்றக்கூட அந்த அறைக்குள் போகவில்லை. "ஒன்னு நீங்க போங்க, இல்லாட்டி நான் போறேன். பருப்பு அதுக்குள்ள கெட்டுரும்" என்றாள்.

நாகராசு போனான், அவளும் உடன் போனாள். வனிதா 'வாங்க' என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. பெட்டியை வாங்கினாள், மேசைக் கத்தியை எடுத்தாள், ரத்தினவேலின் முகத்தைச் சுற்றிக் கீறத் தொடங்கினாள்.

நாகராசு அவள் மணிக்கட்டைப் பற்றினான். "கைய எடும்மா."

"நீங்க கைய எடுங்க. ஆதனக்கோட்டையில ஒரு பருப்ப வாயில போட்டுப் பாக்காம எவனாச்சும் வாங்குறானா? ஒங்க பெட்டியில பருப்பக் கண்ணால பாக்கக்கூட வழியில்ல. ஒங்கப்பா மறிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

அவன் கை தளர்ந்தது. முகம் இருந்த இடத்தில் ஒரு சன்னல் திறந்தது. உள்ளே கண்ணாடித்தாள் பையில் இருந்த பருப்பு பொன்னிறமாகத் தெரிந்தது. கருநீலத்தையும் விளக்குகளையும் ஆண்டுகளையும் மறைக்க, குங்குமக் கரையிட்ட மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றை வரைந்தாள்.

"மாலை இல்லாத படம் இருக்கா?"

பரிமளா கைபேசியில் தேடி ஒன்றைக் காட்டினாள். வறுசட்டிக்கு முன்னால் கரண்டியை ஓங்கி யாரையோ ஏசிக்கொண்டிருந்தார் ரத்தினவேல்.

"மொறைக்கிறாரு. பரவால்ல, உசுரோட இருக்காரு" என்ற வனிதா, அதைப் பட்டையின் பின்பக்கம் சிறிதாக வைத்தாள்.

திரும்பி வந்த பெட்டிகளிலிருந்து வெட்டி எடுத்த முகங்களைக் குப்பையில் போட மனம் வராமல், நாகராசு சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினான். கடைசி ஆவணி முகூர்த்தத்திற்குள் சரக்கு தீர்ந்தது. ஆத்மநாதனே மறுபடி கேட்டு வாங்கினார்.

சத்தியம் மட்டும் மிச்சமிருந்தது. ஒவ்வொரு முறை மாடியேறும்போதும், இன்று கேட்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஏறினான். கேட்டால் திருப்பிக் கொடுக்கச் சூடான பதில்களும் வைத்திருந்தான். அவளோ பசை ஒட்டும் மடிப்பைப் பற்றியும் அட்டையின் கனத்தைப் பற்றியும் ஏசினாளே தவிர, அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதற்காகவும் அவளை வெறுத்தான்.

சென்ற தை மாதம், அவன் அங்கே உட்கார்ந்திருந்தபோது செல்லமுத்து என்ற அப்பள வியாபாரி வந்தார். அவர் நீட்டிய அப்பள உறையில், பொட்டும் மாலையுமாக இறந்துபோன தாயார்.

"எடுப்பு எப்பங்கண்ணே?" என்றாள் வனிதா.

செல்லமுத்து கொதித்தார். "பொம்பளைக்கு இவ்வளவு வாயாகாது! இப்புடி ஒரு படம் போட்டு எவன் கெட்டான்? ஒருத்தனைக் காட்டு, பாப்போம்!"

வனிதாவின் பார்வை நாகராசுவிடம் வந்து நின்றது. அவள் அவன் பெயரைச் சொன்னால் போதும். சத்தியத்துக்காக அவன் எழுந்து நின்றாக வேண்டும்.

அவள் பார்வையை உறைக்குத் திருப்பிக்கொண்டாள். "நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். படி வழுக்கும், பாத்து எறங்குங்க."

செல்லமுத்து முணுமுணுத்தபடி அச்சகத்தைத் தேடிப் போனார். நாகராசு வாய் திறக்கவில்லை. வனிதாவும் அந்தச் சத்தியத்தைக் கேட்கவில்லை.