கணக்கில் வராத தண்ணீர்

டயாலிசிஸ் படிப்பை நான் விரும்பி எடுக்கவில்லை. என்னுடன் படித்தவர்களில் ஒருத்திகூட விரும்பி எடுத்ததாகச் சொன்னதில்லை. நர்சிங் கேட்டேன், மதிப்பெண் போதவில்லை. கலந்தாய்வில் என் முறை வந்தபோது திரையில் மீதி இருந்த படிப்புகளின் பெயர்களில் பாதி எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பா, நைனா, "ஏதோ ஒண்ண அமுத்து. திருத்தணி ரயிலுக்கு டைமாவுது" என்றார். அமுக்கினேன்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அது டாக்டரா, நர்ஸா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப எதுக்கு அத்தப் போயி படிக்கிற?"

பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். முதல் வருடம் உடற்கூறியல் வகுப்பில் நர்சிங் பெண்களும் நாங்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். அவர்களுக்கு விளக்கேற்றும் விழா நடந்தது. பெற்றவர்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து போட்டோ எடுத்தார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாங்கள் அன்றைக்கு மெஷின் ரூமில் குழாய் கழுவிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் என் படிப்பை மதித்துக் கேட்ட ஒரே ஆள் பாவா. என் அக்காவின் வீட்டுக்காரர். பொதட்டூர்பேட்டையில் வீட்டோடு பவர்லூம் வைத்து லுங்கி நெய்துகொண்டிருந்தார். நான் போனால் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்காருவார்.

"நானும் மிஷின் ஓட்டறேன், நீயும் மிஷின் ஓட்டற. என் மிஷின்ல லுங்கி வருது. உன் மிஷின்ல இன்னா பாப்பா வரும்?"

"உன்ன மாதிரி சர்க்கரைக்கு மாத்திரை போடாதவன் ரத்தம் வரும்."

"வந்தா எனக்கு ஒரு பார்டர் போட்டுக் குடு."

அக்கா சிரிப்பாள். நானும் சிரித்தேன். அப்போது அவர் கால் வீங்கத் தொடங்கவில்லை.

நான் இரண்டாம் வருடம் போனபோது வீங்கியது. வெயில் என்றார்கள், தறியில் நின்றதால் என்றார்கள். நான்தான் சண்டை போட்டு ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போனேன். இரண்டு கிட்னியும் போய்விட்டன. எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று முடிவானது. பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, ரயில் பிடித்து வர அவரால் முடியாது. அக்காவும் அவரும் தறியைப் பூட்டிவிட்டுத் திருத்தணியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

கிட்னி போனவருக்குச் சிறுநீர் வராது. குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே நிற்கும். அடுத்த முறை மெஷின் எடுக்கும்வரை நிற்கும். காலில் நிற்கும், முகத்தில் நிற்கும், ரொம்பப் போனால் நுரையீரலில் நிற்கும். இதுதான் என் படிப்பு. இதைப் புரிந்துகொள்ள டாக்டராக வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இதைப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

தினமும் காலையில் ஒரு பாட்டிலில் அவருக்கான தண்ணீரை ஊற்றி வைப்பேன். காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். திருத்தணி வெயிலில் அது எந்த மூலைக்கு? மத்தியானத்துக்குள் தீர்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். வாய் கொப்புளிக்கிறேன் என்று போய் விழுங்கிவிட்டு வருவார். ஆஸ்பத்திரியில் எடை மெஷினில் ஏற்றினால் தெரிந்துவிடும்.

"எத்தன சொம்பு பாவா?"

"சத்தியமா இல்ல பாப்பா. நேத்து ராத்திரி கனவுல குடிச்சேன். அதான் ஏறிட்ச்சி போல."

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். நான் எல்லோர் முன்னாலும் திட்டுவேன். என் வாய் அப்படித்தான். அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. திட்டியதால்தான் அவர் ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். அவருடைய அம்மா மட்டும் வரும்போதெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாய்க்குக்கூட தட்டுல தண்ணி வெக்கறாங்க. எம்புள்ளைக்கு அளந்து ஊத்துது இந்தப் பொண்ணு" என்பார்.

அவர் பிழைக்க வேண்டும் என்று அக்கா முருகனிடம் நேர்ந்துகொண்டிருந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு அவரே பூக்காவடி எடுத்து மலையேற வேண்டும். எங்கள் ஊரில் இது புதிதில்லை. பிழைப்பதற்காக நேர்ந்துகொண்டால் பிழைத்திருக்கும்போதே செலுத்திவிட வேண்டும் என்பார்கள்.

"காவடி எட்க்கற மாதிரி ஒடம்பா அது? மூச்சு வாங்கும்க்கா. படியேற வேணாம், வண்டியில மேல போயி கும்பிட்டு வா" என்றேன்.

"சரி" என்றாள். சரி என்றால் கேட்டுக்கொண்டாள் என்று நினைத்துவிட்டேன்.

அந்த வருடம் கிருத்திகை அவருடைய டயாலிசிஸ் நாளில் வந்தது. எனக்கு அன்றைக்குச் செய்முறைத் தேர்வு. முதல் ரயிலிலேயே போய்விட்டேன். அடுத்த ரயிலில் அக்கா அவரை அழைத்துவர வேண்டும். தேர்வு முடிந்து டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போனால் அவர் படுக்கையில் வேறு ஆள் படுத்திருந்தார்.

பொறுப்பில் இருந்த சிஸ்டர், "உங்க அக்கா நேத்தே போன் பண்ணி ஷிப்ட்ட நாளைக்கு மாத்திக்கிட்டாங்களே. உனக்குத் தெரியாதா?" என்றார்.

போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பாவா எடுத்தார். பின்னால் மேளமும் அரோகராவும்.

"எங்க பாவா கீற?"

"மலையிலருந்து எறங்கிகினு கீறேன் பாப்பா. காவடி எட்துட்டேன்! நடுவுல உக்காந்து உக்காந்துதான் ஏறினேன், ஆனா ஏறிட்டேன்."

"தண்ணி குடிச்சியா?"

மேளச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"வழியெல்லாம் பந்தல் போட்டு மோர் குடுக்கறாங்க, பானகம் குடுக்கறாங்க. காவடிக்காரன் வேணாம்னு சொல்லக் கூடாதாம். சாமி தண்ணி பாப்பா. அது கணக்குல வராது. வயிறு ரொம்பக் குடிச்சேன். எத்தன நாளாச்சி தெரியுமா?"

அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் கத்தினேன். "இப்பவே கெளம்பி வா" என்றேன். "நாளைக்கு வரேன் பாப்பா, அக்கா மாத்தி வாங்கிட்டா" என்று வைத்துவிட்டார்.

ரயில் முழுக்கக் காவடிக்காரர்கள். மஞ்சள் துணி, பூ வாசனை, குழந்தைகளின் மொட்டைத் தலைகள். ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் பாட்டில். எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே எறியலாம் போல இருந்தது.

நான் வீட்டுக்குப் போனபோது சாயங்காலம். பாவா நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. இருமினால் நுரை வந்தது. பஞ்சாமிர்தமும் சாப்பிட்டிருந்தார். கிட்னி போனவருக்கு வாழைப்பழம் இதயத்தை நிறுத்தும் என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். அக்கா விபூதியைக் குழைத்து அவர் நெஞ்சில் தடவிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்காக ரோட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியவில்லை. நைனாவும் எதிர்வீட்டுக்காரரும் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். நான் முன்னால் ஓடி வழிவிடச் சொல்லிக் கத்தினேன். சிலர் விலகினார்கள். சிலர் அவருடைய மஞ்சள் வேட்டியைப் பார்த்துவிட்டு, சாமி வந்த ஆள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

ஆம்புலன்சில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "பாப்பா, ஒரு வாய் தண்ணி" என்றார்.

"மெஷின்ல போட்டுட்டு தரேன் பாவா."

"ஒரே வாய்."

"முடியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்தேன்.

யூனிட்டில் மெஷினை நானே தயார் செய்தேன். குழாய் மாட்டி, அதிலிருந்த காற்றை எடுத்து, ஓடவிட்டு, எல்லாம் காலையில் தேர்வில் செய்து காட்டிய அதே வேலை. என் சீனியர் ஊசியை எடுத்தபோது பாவாவின் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தினோம், மாற்றி மாற்றி அழுத்தினோம். டாக்டர் நிறுத்தச் சொன்னபிறகும் நான் அழுத்தினேன். சுத்தமாகத் தயாராகி நின்ற மெஷின் யாருக்கும் பயன்படாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அதை நான்தான் அணைத்தேன்.

சாவு வீட்டில் அவருடைய அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தண்ணி தண்ணின்னே எம்புள்ள உயிர உட்டுச்சி. அதெல்லாம் ஒரு படிப்பா? சாவற வாய்க்குத் தண்ணி குடுக்காத படிப்பு!"

வாய்க்கரிசி போட வந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியும். ஷிப்ட்டை யார் மாற்றியது, யார் மலைக்குக் கூட்டிப்போனது, எல்லாம் தெரியும். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக நான் வாயை மூடிக்கொண்டேன். என் பேர்தானே கெடும், கெட்டுப்போகட்டும்.

படிப்பை முடித்தேன். இப்போது இன்னொரு ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆடி பிறந்தால் எங்கள் பக்கத்து நோயாளிகள் ஒவ்வொருவரையும் பிடித்துச் சொல்கிறேன். சாமி தண்ணியும் தண்ணிதான், ஷிப்ட்டுக்கு வராமல் இருந்தால் வீட்டுக்கே வந்து திட்டுவேன் என்கிறேன். ஒரு அம்மா, "இவளுக்கு இரக்கமும் இல்ல, சாமியும் இல்ல, வெறும் நாக்குதான்" என்றார். ஆனால் ஷிப்ட்டுக்கு வந்துவிட்டார்.

அக்கா பொதட்டூர்பேட்டைக்கே போய்விட்டாள். அவருடைய தறியை அவளே ஓட்டுகிறாள். போன மாதம் பார்க்கப் போனேன். சாப்பாடு போட்டாள். தட்டை எடுக்கும்போது கேட்டாள்.

"அன்னிக்கு ஷிப்ட்டுக்குப் போயிருந்தா இருந்திருப்பாரா?"

இத்தனை நாள் அவள் கேட்கவில்லை. கேட்கமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். இதயம் ஏற்கெனவே கெட்டிருந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுகூட முழுப் பொய் இல்லை. எனக்கு அது அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"ஆங்" என்றேன்.

அக்கா தலையாட்டினாள். அழவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீயாச்சும் வேற மாதிரி சொல்லுவியான்னு பாத்தேன்."

தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு உள்ளே போய்த் தறியை ஓடவிட்டாள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. நான் வாசற்படியில் நின்று "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பவில்லை.