மனைவி சொன்னதை டாக்டரிடம் மறைத்தேன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கூடை தூக்கி ஆரம்பித்து, இன்று சித்தூரில் சொந்தமாக மாம்பழக்கூழ் ஆலை நடத்துகிறேன். தெலுங்கில் எந்த அதிகாரியிடமும் பேசிக் காரியத்தை முடித்துவிடுவேன். அந்தத் திமிர்தான் என் மனைவியைச் சாவு வரைக்கும் கொண்டுபோனது.

வேலூர்ப் பக்கத்துப் பெண்ணான அவளுக்குத் தெலுங்கு வராது. மாதக்கணக்கில் சரியான சாப்பாடும் பேச்சும் இல்லாமல் படுத்தே கிடந்தாள். திருப்பதியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் தெலுங்கில் விசாரித்தார்.

அவள் என்னிடம், "உயிரோட இருக்கவே புடிக்கலன்னு சொல்லுங்க" என்றாள்.

நான் எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர். என் வீட்டிலா இப்படி என்று வெட்கமாகிவிட்டது. தூக்கம் வரவில்லையாம் என்று தெலுங்கில் சொன்னேன். டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். மூன்று முறை போனோம். மூன்று முறையும் அதே கதைதான்.

பிறகு ஒருநாள் அவள் உயிரை விடத் துணிந்துவிட்டாள். பக்கத்து வீட்டார் பார்த்ததால் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ், "ஏம்மா, டாக்டராண்ட மின்னாடியே சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்.

"மூணு தபாவும் சொன்னேம்மா. இந்த மனுசன் முழுங்கிட்டாரு."

இப்போது அந்த நர்ஸ்தான் அவளோடு அந்த ஆஸ்பத்திரி மனநல டாக்டரின் அறைக்குள் போகிறார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் இன்னும் தேறவில்லை. என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. உள்ளே பேசுகிறாளாம். என்ன பேசுகிறாள் என்று நான் கேட்பதில்லை.