ஊசிக்கு விழுந்த மீன்கடை அக்கா

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈசிஜி டெக்னீஷியனாக இருந்தவள் நான். இதயம் யார் பேச்சையும் கேட்காது, அதுதான் உடம்புக்கு முதலாளி என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் வீராம்பட்டினத்து செல்வி அக்கா.

அக்காவுக்கு மார்க்கெட்டில் மீன்கடை. ரத்தப் பரிசோதனைக்குப் போன இரண்டு முறையும் மயங்கி விழுந்திருந்தார். படகில் தொழிலுக்குப் போகும் மகன் சதீஷ் பயந்துபோய் அழைத்து வந்திருந்தான்.

"கத்தி கையில இருக்கசொல்ல வுழுந்தா என்னாவறது? கடைய மூடிட்டு வூட்ல இரும்மா."

"வூட்ல ஒக்காந்து செவுத்தையா பாக்கறது? போடா!"

அக்கா கடைக்குப் போகலாமா கூடாதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். "ரத்தம் எடுக்கும்போதே மானிட்டர்ல பாத்துடுவோம்" என்றார்.

அக்காவின் நெஞ்சில் மானிட்டர் லீட்களை ஒட்டினேன். ஊசியைக் கண்டதும் பல்ஸ் கிடுகிடுவென்று ஏறியது. பயந்தால் ஏறும், அது தெரிந்ததுதான். ஆனால் குத்தியதும் மளமளவென்று இறங்கி, கோடு அப்படியே படுத்துவிட்டது. "ஐயோ டாக்டர்!" என்று கத்திவிட்டேன்.

அவர் நிதானமாக நாற்காலியைச் சாய்த்து, அக்காவின் காலைத் தூக்கிப் பிடித்தார். சில நொடிகளில் துடிப்பு திரும்பியது. கண் திறந்த அக்கா, "என்னாத்துக்கு இப்பிடி கத்தற?" என்று என்னையே அதட்டினார்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு. பயந்தா மூளை மொதல்ல வேகத்த கூட்டும். சில பேருக்கு அப்புறம் திடீர்னு பிரேக் போட்டுடும். அதான் மயக்கம்" என்றார் டாக்டர்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நாள் முழுக்க ரத்தத்துலயே கை வச்சிருக்கறவங்க டாக்டர்!"

அக்காவே பதில் சொன்னார். "அது மீனு ரத்தம்மா. இது என்னுதாச்சே!"

தலை சுற்றினால் கால்களைப் பின்னி, தொடையை இறுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். மறுவாரம் மறுபடி ஊசி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். துடிப்பு இறங்கியது, ஆனால் நின்றுபோகவில்லை; அக்கா மயங்கவும் இல்லை. அப்பாடா என்று திரும்பினால், பின்னால் தொப்பென்று சத்தம். அம்மாவுக்கு ஊசி குத்துவதைப் பார்த்த சதீஷ் தரையில் கிடந்தான்.

நல்லவேளை, அடி இல்லை. அவன் கண் விழித்ததும் அக்கா கேட்டார்:

"ஏன்டா, நான் கடைக்குப் போவக்கூடாதுன்னா நீ மட்டும் கடலுக்குப் போவலாமா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே இரண்டு பேரையும் வேலைக்குப் போகச் சொன்னார். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊசியை எடுப்பதற்கு முன்னால், கூட வந்தவரை உட்காரவைத்துவிடுங்கள்.